மேடையில் நன்றியா, மேசை மேசையாக நன்றியா?

கோலாலம்பூரில் காலையில் கோயிலில் தாலி கட்டி, மாலையில் மண்டபத்தில் விருந்து வைக்கும் வீடுகளில், வந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்ற இந்தக் கேள்வி வரும்.

மைக் பிடித்துச் சொன்னால் 5 நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் ஒரு பெயர் விட்டுப்போனாலும் மாமா முகம் வாடிவிடும்.

மேசை மேசையாகப் போனால்? 500 பேர், மேசைக்கு 10 பேர் என்றால் 50 மேசை. 2 நிமிடம் வீதம் 100 நிமிடம். சரி, நேரம் பிடிக்கும்தான். இருந்தும் எனக்கு இதுதான் பிடிக்கும். ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வந்த பாட்டியின் கையைப் பிடித்து, மணமகள் குனிந்து, "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேட்கிறாளே, அதை மைக்கில் சொல்ல முடியாது.

சீன நண்பர்கள் மேசையில், கோப்பையை உயர்த்தி வாழ்த்தும்போது சொல்லும் "யாம் செங்" என்பதை இழுத்துக் கத்துவார்கள். கோப்பையில் மதுவுக்குப் பதில் சிராப் என்ற இனிப்புப் பானம் இருந்தால் போதும், மலாய் நண்பர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

மைக்கை அப்பாவிடம் 2 நிமிடம் கொடுங்கள், நீங்கள் மேசை மேசையாகப் போங்கள். அப்புறம் தாம்பூலப் பையோடு வாசலில் நில்லுங்கள்.