செகண்ட் ஹேண்ட் ஃபோர் வீல் டிரைவ்: லீஃபா, டார்ஷன் பாரா, காயிலா?

காட்டுப் பாதைக்கென்று பழைய வண்டி தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வண்டிகளுக்கு நடுவில்தான் அல்லாடுகிறார்கள்: மாருதி ஜிப்ஸி, 2020-க்கு முந்தைய மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி. இஞ்சினையும் விலையையும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். வாங்கிய பிறகு அதிகம் படுத்துவது அதுதான்.

ஜிப்ஸியில் முன்னும் பின்னும் நேர் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு; நான்கு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கி வைத்த இரும்புத் தகடுகள். 1985-இல் வந்ததிலிருந்து கடைசி வரை இந்த அமைப்பு மாறவில்லை. வண்டியின் எடையைத் தாங்குவதும் லீஃப்தான், ஆக்ஸிலை நகராமல் பிடித்து வைப்பதும் லீஃப்தான். பாகங்கள் குறைவு. ஆனால் தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் சின்னச் சின்ன மேடுகளுக்கு லீஃப் வளைந்து கொடுக்காது, வண்டி குதிக்கும். சென்னையிலிருந்து மதுரை வரை அதில் போய் இறங்கினால் இடுப்பு கேள்வி கேட்கும்.

இருந்தாலும் பழைய வண்டி என்று வரும்போது லீஃப் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அதன் பழுது ஒளிந்துகொள்வதில்லை. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால், ஒரு பக்கம் தளர்ந்திருப்பது உடனே தெரியும். குனிந்து பார்த்தால் நடு போல்ட் அருகே விரிசல், லீஃபின் முனையிலுள்ள ரப்பரான ஷாக்கிள் புஷ் பிதுங்கியிருப்பது, யூ போல்ட் துரு எல்லாம் தெரியும். லாரி வேலை பார்க்கிற ஊர்ப் பட்டறையிலேயே சரிசெய்துகொள்ளலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப்புகள் பெரும்பாலும் லீஃப் வண்டிகள்தான். அந்தக் கல் பாதையில் அவை இத்தனை காலம் ஓடுவதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

பழைய தாரில் 2010-இல் வந்த சிஆர்டிஇ மாடல் வேறு கதை. பின்னால் லீஃப், முன்னால் டார்ஷன் பார் (முறுக்கேறி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) வைத்த இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ரோட்டில் ஜிப்ஸியைவிட முன்பக்கம் நிதானமாக இருக்கும். பாறையில் ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும். நேர் ஆக்ஸிலில் ஒரு சக்கரம் மேலே ஏறினால் அந்த அழுத்தம் மறு சக்கரத்தைக் கீழே தள்ளும், சக்கரம் தரையைப் பிடிக்கும். இண்டிபெண்டன்டில் அந்த உதவி இல்லை, மறு சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கும். இன்னொன்று, சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் முன் டிஃபரன்ஷியல் சேஸியோடு இருப்பதால், ஸ்பிரிங் அமுங்கும்போது வண்டியின் அடிவயிறும் தரையை நெருங்கும். 2015 மாடலில் பின் ஆக்ஸிலுக்கு மெக்கானிக்கல் லாக்கர் (ஒரு சக்கரம் வெறுமனே சுழலும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது) கொடுத்தது இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியது. பழைய தார்தான் வேண்டும் என்றால் லாக்கர் உள்ள வண்டியாகத் தேடுங்கள்.

இந்த மூன்றில் ஏமாற வாய்ப்பு அதிகம் உள்ளதும் இதுதான். டார்ஷன் பாரின் அட்ஜஸ்ட் போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் உயர்ந்துவிடும், ஒரு ரூபாய் செலவில்லை. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் சக்கரம் கீழே இறங்க வேண்டிய தூரம் குறைந்துவிடும், டிரைவ் ஷாஃப்ட் அதிகமாகச் சாய்ந்து, அதன் முனையில் வளைந்து சுழலும் சிவி ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். அதனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இரண்டு பக்க போல்ட்டிலும் மரை எவ்வளவு வெளியே தெரிகிறது, அந்த ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா, முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் மண் தரையில் ஃபோர் வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் விலையை அங்கேயே நிறுத்திப் பேசலாம்.

2023-இல் வந்த ஜிம்னியில் முன்னும் பின்னும் நேர் ஆக்ஸில், ஆனால் காயில் என்கிற சுருள் ஸ்பிரிங். சேற்றிலும் கல்லிலும் இந்த மூன்றில் என் முதல் தேர்வு இதுதான். சக்கரம் நன்றாக இறங்கி ஏறும், லீஃபின் விறைப்பு இல்லை. காயிலால் ஆக்ஸிலைப் பிடித்து வைக்க முடியாது, அந்த வேலையை ஆர்ம்களும், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடும் செய்கின்றன. அவற்றின் ரப்பர் புஷ் தேய்ந்தால் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங் உதறும். ஒருவரை இஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இடவலமாக ஆட்டச் சொல்லி, நீங்கள் பான்ஹார்ட் ராடின் இரண்டு முனைகளையும் பாருங்கள். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, பழைய ராடையே விட்டிருந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளியே நிற்கும்.

2020 அக்டோபரில் வந்த தாரில் முன்னால் டபுள் விஷ்போன் என்கிற இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், பின்னால் காயில் வைத்த நேர் ஆக்ஸில். மாதத்தில் பெரும்பாதி ஹைவேயில் ஓட்டுகிறவர்களுக்கு, பட்ஜெட் இடம் கொடுத்தால், இதுவே போதும்.

பணம் குறைவு, பக்கத்தில் நம்பிக்கையான பட்டறை இருக்கிறது என்றால் ஜிப்ஸி. கரடுமுரடே பிரதானம் என்றால் ஜிம்னி. பழைய தாரை, உயர்த்தாமல் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் மட்டும் பாருங்கள். எந்த வண்டியானாலும் முன்பணம் கொடுக்குமுன் ஆர்சி புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். ஜிப்ஸிகளில் பல 15 வருடம் தாண்டியவை. ஆர்சி புதுப்பிக்க வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அங்கே லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் கேள்விக்குள்ளாகும். கழற்றிய பழைய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கையில் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இருந்தால் அவற்றையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.