நீலகிரி குளிருக்கு ஆயில் ஹீட்டரா, ஃபேன் ஹீட்டரா?

மார்கழியில் உறைபனி விழ ஆரம்பித்ததும் குன்னூர் பக்கம் ஹீட்டர் பேச்சும் ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டுக்கு வாங்கியது ஆயில் ஹீட்டர், அதாவது உள்ளே அடைத்து வைத்த எண்ணெயைக் கரண்டில் சூடாக்குகிற வகை. அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ஃபேன் ஹீட்டர் விலை குறைவு, போட்டதும் சூடு வரும், ஆனால் இரைச்சல். ஆயில் ஹீட்டர் விலை அதிகம், கனம், சூடேற நேரம் எடுக்கும். நிறுத்திய பிறகும் வெதுவெதுப்பு கொஞ்ச நேரம் நிற்கும். கரண்ட் செலவு? 1000 வாட்டில் எதை ஓட்டினாலும் மணிக்கு ஒரு யூனிட்தான்.

எனக்கு முடிவைச் சொன்னது ஒயரிங். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். போன் சார்ஜர் மாட்டுகிற சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்டில் மாட்ட உதவும் கன்வெர்ட்டர் பிளக் போட்டு அதில் ஹீட்டரைச் செருகுகிறவர்கள், கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக அணைகிற எம்.சி.பி சுவிட்ச் காப்பாற்றும் என்று நம்புகிறார்கள். சாக்கெட்டுக்குள் பித்தளைப் பிடி தளர்ந்திருந்தால் அந்த இடம் மட்டும் கொதிக்கும். ஓடுகிற கரண்ட் அதிகமாகாததால் எம்.சி.பி கண்டுகொள்ளாது. பிளக் முனை நுழைகிற ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறும், பிளாஸ்டிக் கருகும் வாடை வரும், அவ்வளவுதான் எச்சரிக்கை.

ஆயில் ஹீட்டர் இங்கேதான் ஜெயிக்கிறது. கதவைச் சாத்திய படுக்கையறைக்கு 1000 வாட்டே எங்களுக்குப் போதுகிறது. அது 4 ஆம்பியர் சொச்சம். அறை சூடானதும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடுவதால் சாக்கெட்டும் அவ்வப்போது ஆறுகிறது. ஃபேன் ஹீட்டரிலும் 1000 உண்டு, தெர்மோஸ்டாட்டும் உண்டு. ஆனால் அந்த இளஞ்சூட்டுக் காற்றுக்கு யாரும் திருப்திப்படுவதில்லை, கை தானாக 2000-க்குப் போகும். ஒரு எச்சரிக்கை: ஃபேனும் சேர்ந்த ஆயில் ஹீட்டர்களில் சில முழு வேகத்தில் 2900 வாட் இழுக்கும், 12 ஆம்பியருக்கு மேல். எதுவானாலும் 16 ஆம்பியர் பவர் பாயிண்ட், எர்த், குறைந்தது 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பி வேண்டும். நாங்கள் மெயின் போர்டிலிருந்து தனி லைனே இழுத்துவிட்டோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

அறையைச் சூடாக்கும் ராடு ஹீட்டர் பெரும்பாலும் 400, 800 வாட்தான். ஒயரிங்குக்கு அதுவே லேசு. ஆனால் சிவக்கச் சிவக்க எரியும் கம்பிக்குப் பக்கத்தில் கம்பளியோடு தூங்க எனக்குத் தைரியமில்லை. நான் அதிகம் ஓட்டியதுமில்லை, ஓட்டியவர்கள் சொல்லட்டும்.

புதிதாக வாங்கியவர்கள் அரைமணி நேரம் ஓட்டி, சுவிட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டை மாற்றிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். குளித்து வந்த குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற பத்து நிமிடத்துக்கு மட்டும்தான் சூடு வேண்டும் என்றால், சரி, ஃபேன் ஹீட்டரே வாங்கலாம். அதுவும் பவர் பாயிண்டில்தான்.