வீட்டுக் கடன்: தவணைத் தொகையைவிட ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்

2021 அக்டோபரில் தாம்பரம் பக்கம் பழைய ஃபிளாட் ஒன்றை 40 லட்சம் ரூபாய்க்கு வாங்கினோம். வங்கிக் கடன் 30 லட்சம், 20 ஆண்டுகள், ரெப்போவுடன் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான வட்டி) இணைந்த மாறும் வட்டி 7 சதவீதம். மாதத் தவணை 23,259 ரூபாய். முதல் மாதத் தவணையிலேயே 17,500 ரூபாய் வட்டிக்குப் போய்விடும்.

கடன் வாங்குவோர் பலர் கையிருப்பைக் கணக்கிடுவது விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான். பத்திரச் செலவு அதற்கு மேல் வருகிறது. அப்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4 என 11 சதவீதம். எங்களுக்கு 4,40,000 ரூபாய். 2023இல் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் இக்கட்டணங்களைக் கணக்கிட அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு கூடவே உயர்ந்தது. வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமான ஆவணப் பதிவு, மின் இணைப்பு, சொத்து வரிப் பெயர் மாற்றம் எல்லாம் தனித்தனி. இவற்றுக்கு வங்கி பொதுவாகக் கடன் தராது. சொந்தப் பணத்தில் ஒதுக்கி வையுங்கள்.

உண்மையான சோதனை 2022 மே மாதம் தொடங்கியது. 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது, எங்கள் வட்டி 9.5ஐத் தொட்டது. தவணை மட்டும் மாறவே இல்லை. வங்கி எங்களைக் கேட்காமலே தவணைக்காலத்தை நீட்டியிருந்தது. கணக்கு அறிக்கையை வாங்கிப் பார்த்தபோதுதான் விபரீதம் புரிந்தது: வட்டி மட்டுமே ஏறத்தாழ 23,200 ரூபாய். அசலுக்கு நூறு ரூபாய்கூடச் சேரவில்லை. அந்த வேகத்தில் போனால் ஓய்வூதியக் காலத்தையும் தாண்டி நீளும் கடன் அது.

கிளைக்குச் சென்று எழுதிக் கொடுத்து, தவணையை 28,000 ரூபாயாக உயர்த்தினேன். குடும்பச் செலவு இறுகியது, ஆனால் கடன் மீண்டும் பழைய கால வரம்புக்குள் வந்தது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்டாக வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அது முன்பே வந்திருக்க வேண்டிய உத்தரவு. எங்களைப்போல் எத்தனை குடும்பங்கள் ஒரு குறுஞ்செய்திகூட இல்லாமல் கூடுதல் ஆண்டுகளைச் சுமந்தனவோ!

2025இல் ரெப்போ படிப்படியாக 5.25 ஆகக் குறைந்தது. இப்போது எங்கள் வட்டி 8.25. தவணையைக் குறைக்கச் சொல்லவில்லை. அதே 28,000 கட்டுகிறோம், அசலில் மாதம் 9,000 ரூபாய்க்கு மேல் கழிகிறது. போனஸ் வந்தால் அதையும் அசலில் கட்டுகிறோம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. புதிய வாடிக்கையாளருக்கு உங்களைவிடக் குறைந்த வட்டி தருகிறார்களா என்று ஆண்டுக்கொரு முறை விசாரியுங்கள். சிறு கட்டணத்தில் மாற்றித் தருவார்கள்.

கடனை முழுவதும் அடைத்தபின் அசல் பத்திரங்களை 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் கைக்கு வந்ததும் அடமான ரத்து ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.