புடாபெஸ்டில் ஒரு தனி வழிகாட்டி: ஊர் பார்க்கவும் பொருள் வாங்கவும்

புடாபெஸ்ட் போன்ற ஒரு நகரத்துக்குத் தனி வழிகாட்டி எதற்கு என்று கேட்பவர்கள் பக்கம் நியாயம் உண்டு. பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை டான்யூப் ஆற்றின் இரு கரைகளிலும் கண்ணெதிரே நிற்கின்றன. இரண்டாம் எண் டிராமில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் நாடாளுமன்றமும் சங்கிலிப் பாலமும் எதிர்க்கரைக் கோட்டைக் குன்றும் எவருடைய விளக்கமும் இல்லாமலே காணக் கிடைக்கும். எனவே ஊர் பார்ப்பதையும் பொருள் வாங்குவதையும் ஒரே நாளில் சேர்த்து நடத்தித் தரும் ஒரு சேவையை எங்கள் குடும்பத்துக்காக நான் அமர்த்தியது, உண்மையில் கடைகளை மனத்தில் வைத்துத்தான். கடைகளுக்காக வந்த அந்த வழிகாட்டியால் கட்டடங்களும் வேறாகத் தெரியத் தொடங்கின என்பதே இச்சேவையைப் பற்றி முதலில் சொல்லத் தக்கது.

கட்டணம் தலைக்கு இத்தனை என்று இல்லாமல் மணிக்கணக்கில் இருந்தது. நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இது ஆதாயம். தனியாக வருபவருக்குக் கொஞ்சம் கனமாகவே இருக்கும். நுழைவுச் சீட்டுகளும் பேருந்து, டிராம் சீட்டுகளும் நம் செலவு. முன்பதிவின்போது என்ன வாங்க விருப்பம், எவ்வளவு நடக்க முடியும், உடன் முதியவர்கள் இருக்கிறார்களா என்றெல்லாம் எழுதிக் கேட்டார்கள். நான் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: அழைத்துச் செல்லும் கடைகளில் வழிகாட்டிக்குத் தரகு உண்டா? இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது. எந்த நகரத்தில் வழிகாட்டி அமர்த்தினாலும் இந்தக் கேள்வியைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். மழுப்பலான பதில் வந்தால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

காலையில் கோட்டைக் குன்றிலிருந்து தொடங்கினோம். 1870-இல் தொடங்கிய கயிற்று ரயிலில் ஏற வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. ஆனால் அங்கே நின்ற வரிசையையும், பொதுப் போக்குவரத்துச் சீட்டு அதில் செல்லாது என்பதையும் சொல்லி, வழிகாட்டி எங்களைப் பதினாறாம் எண் பேருந்தில் ஏற்றிவிட்டார். மேலே போனபின் அவர் செய்த முதல் வேலை, மத்தியாஸ் தேவாலயத்தின் வாசலை விட்டுவிட்டு அதன் கூரையைப் பார்க்கச் சொன்னதுதான். வண்ண வண்ணமாக வடிவக்கோலம் போட்டிருக்கும் அந்த ஓடுகள், ஹங்கேரியின் பேச் நகரில் 1853-இல் தொடங்கிய ஜோல்னாய் மட்பாண்டத் தொழிற்சாலையின் வேலை. தேவாலயத்தின் இன்றைய தோற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃப்ரிட்யெஷ் ஷூலெக் என்ற கட்டடக் கலைஞர் அமைத்தது. அருகில் ஏழு கோபுரங்களுடன் நிற்கும் மீனவர் கொத்தளமும் அவருடையதே. கொத்தளத்தின் மேல்தளத்துக்குத்தான் கட்டணம். கீழ்த்தள வளைவுகளில் இலவசமாக நின்று பார்த்தாலும் ஆறும் நாடாளுமன்றமும் அதே அழகோடுதான் தெரிகின்றன. இந்தச் சின்னச் சேமிப்பை அவராகவே சொன்னார்.

குன்றின் மேல் மற்றபடி அவருடைய விளக்கம் சற்று அலுப்பூட்டியது. அரசர்களின் பெயர்களும் முற்றுகைகளின் ஆண்டுகளும் மனப்பாடமாக ஓடின. அவர் ஆங்கிலத்தில் பேச, நான் என் மாமியாருக்குத் தமிழில் சொல்ல, அதற்குள் அடுத்த அரசர் வந்துவிடுவார். கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள் என்று இருமுறை கேட்க வேண்டியிருந்தது. வரலாறு மட்டும் வேண்டுபவர்கள் ஒரு நல்ல வரைபடத்தையும் ஒலி வழிகாட்டியையும் வைத்துக்கொண்டு இந்தக் குன்றைத் தாங்களாகவே சுற்றி வரலாம்.

ஆற்றைக் கடந்து மத்தியச் சந்தைக்குள் நுழைந்ததும் அதே மனிதர் வேறு ஆளானார். 1897-இல் திறக்கப்பட்ட அந்த இரும்புக் கூடத்தின் வெளியே எங்களை நிறுத்தி மறுபடியும் கூரையைக் காட்டினார்: அதுவும் ஜோல்னாய் ஓடு. காலையில் தேவாலயத்தின் மேல் பார்த்ததைக் காய்கறிச் சந்தையின் மேலும் பார்க்கும்போது, ஒரு தொழிற்சாலையின் கைவண்ணம் ஒரு நகரத்தின் முகத்தையே எப்படி அமைத்திருக்கிறது என்பது விரிவுரை எதுவும் இல்லாமலே விளங்கியது.

உள்ளே நாங்கள் அதிக நேரம் செலவிட்டது பப்ரிகா மிளகாய்த்தூளுக்கு. நம்மவர்கள் அதைக் கார மிளகாய்த்தூள் என்று எண்ணி வாங்கிப் பிறகு ஏமாறுவது உண்டு. ஹங்கேரியச் சமையலில் பப்ரிகாவின் முதல் வேலை நிறமும் மணமும் தருவது, காரம் பின்னால்தான். பொட்டலத்தில் 'ஏதெஷ்நெமெஷ்' என்றிருந்தால் இனிப்புச் சாயல் கொண்ட வகை, 'சிப்பேஷ்' என்றோ 'எரேஷ்' என்றோ இருந்தால் காரமானது. செகெட், கலோச்சா ஆகிய இரு பகுதிகளின் தூளுக்குத்தான் பெயர் அதிகம். செகெட் மிளகாய்க்கு வேறொரு பெருமையும் உண்டு: வைட்டமின் சி பற்றிய ஆய்வுக்காக 1937-இல் நோபல் பரிசு பெற்ற ஆல்பெர்ட் சென்ட்-ஜார்ஜி, அந்தச் சத்தைப் பெருமளவில் பிரித்தெடுத்தது அங்கு விளைந்த மிளகாயிலிருந்துதான்.

பூவேலை செய்த துணிப்பைகளில் அடைத்துக் கடைமுகப்பில் தொங்கவிட்டிருப்பதை வாங்க வேண்டாம் என்று வழிகாட்டி தடுத்தார். வெளிச்சமும் காற்றும் பட்டால் பப்ரிகா நிறமிழந்து மணமும் குன்றிவிடும். தகர டப்பாவிலோ ஒளி புகாத உறையிலோ இருப்பதை, தேதியைப் பார்த்து, சிறிய அளவில் வாங்குவதே முறை என்றார். நடு வரிசைக் கடைகளைத் தாண்டி, உள்ளூர்ப் பெண்மணிகள் பையோடு நின்றிருந்த ஓர் ஓரக் கடைக்கு அழைத்துச் சென்று, இரண்டு வகைகளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்க்கச் செய்தார். என் மாமியார் அங்கேதான் முதன்முறையாக அவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்கத் தொடங்கினார், நான் மொழிபெயர்ப்பதற்குள் சைகையிலேயே பாதி நடந்துவிட்டது. எண்ணெய் சூடாக இருக்கும்போது பப்ரிகாவைப் போட்டால் அதிலுள்ள சர்க்கரை கருகிக் கசக்கும், பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் போட வேண்டும் என்ற குறிப்பைக் கடைக்காரப் பெண்மணியே சொன்னார்.

மேல்தளத்தில் பூத்தையல் துணிகள். கலோச்சாவின் பல நிறப் பூக்களும், மெசோகோவெஷ்ட் பகுதி மட்யோ மக்களின் அடர்ந்த தையலும் உலகப் புகழ் பெற்றவை. பின்னதை யுனெஸ்கோ 2012-இல் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அங்கே தொங்குவனவற்றில் இயந்திரத் தையலும் கலந்திருக்கிறது. துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால், நூல் ஒரே சீராக ஓடுகிறதா, கை நின்று நின்று போயிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நாங்கள் எதையும் வாங்காமல் இறங்கினோம், வழிகாட்டியும் வற்புறுத்தவில்லை. தரகு இல்லை என்று எழுதிக் கொடுத்ததை நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் வாட்ஸி வீதியை, இங்கே கடைகளை மட்டும் பாருங்கள், பணப்பையைத் திறக்காதீர்கள் என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் கடக்க வைத்தார்.

சந்தையின் வாசலிலிருந்து இரண்டாம் எண் டிராம் நாடாளுமன்றத்தைத் தாண்டி ஃபால்க் மிக்ஷா வீதியின் அருகே கொண்டுபோய் விடுகிறது. பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ள வீதி அது. அங்கே ஒரு கடையின் கண்ணாடிப் பேழைக்குள், பார்க்கும் கோணத்துக்கேற்பப் பச்சையாகவும் செம்பொன்னாகவும் மாறி மினுங்கும் சிறு கிண்ணம் ஒன்று இருந்தது. ஜோல்னாய் தொழிற்சாலை 1890-களில் உருவாக்கிய 'எயோசின்' என்ற உலோகப் பளபளப்புப் பூச்சு அது. அடியில் ஐந்து கோபுர முத்திரையைத் தேடிப் பார்க்க வழிகாட்டி சொல்லிக்கொடுத்தார். 1826-இல் தொடங்கிய ஹெரெண்ட் பீங்கானும் இங்கே பழையதாகக் கிடைக்கிறது. நிறுவனத்தின் சொந்தக் கடையில் புதிதாக வாங்குவதை விட, தனிக் கோப்பையோ தட்டோ போதும் என்பவர்களுக்கு இந்த வீதியே ஏற்றது. விலையைக் குறைத்துக் கேட்பதில் இங்கே கூச்சம் தேவையில்லை, குரலை உயர்த்தாமல் கேட்டால் போதும். வழிகாட்டி ஹங்கேரிய மொழியில் பேசியதில் எங்களுக்கும் கொஞ்சம் குறைந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிச் சான்று தேவைப்படலாம் என்பதால், பணம் கொடுக்குமுன் அதைக் கடைக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வைத்ததும் அவர்தான்.

இந்தச் சேவையில் நான் வேண்டாம் என்று சொல்லக்கூடிய பகுதி நாடாளுமன்றம். உள்ளே நாடாளுமன்றமே நடத்தும் சுற்றில்தான் செல்ல முடியும். நாம் அமர்த்தியவர் வெளியே காத்திருப்பார், அந்த நேரத்துக்கும் அவருக்குக் கட்டணம் ஓடும். 96 மீட்டர் உயரக் குவிமாடத்தின் கீழ் வைத்திருக்கும் ஹங்கேரிய அரசர்களின் புனிதக் கிரீடத்தை அவசியம் பார்க்க வேண்டும்தான், ஆனால் இணையத்தில் முன்கூட்டியே சீட்டு எடுத்து வேறொரு நாளில் தாங்களாகப் போவதே மேல். பக்கத்து ஆற்றங்கரையில், 1944-45 குளிர்காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவாக 2005-இல் வைத்த இரும்புக் காலணிகளுக்கும் அன்றே நேரம் ஒதுக்கலாம்; கையில் பைகளோடு அங்கே நிற்பது சரியாகப் படவில்லை.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சனிக்கிழமை சந்தையும் பழம்பொருள் கடைகள் பலவும் சீக்கிரமே மூடிவிடும். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதேனும் ஒரு நாளில், முழு நாளுக்குப் பதிலாகச் சந்தைக்கும் பழம்பொருள் வீதிக்கும் மட்டும் அரை நாள் அமர்த்தினால் கொடுக்கும் பணத்துக்குக் குறைவில்லை. கடைகளில் அட்டை தேய்க்கும்போது இயந்திரம் ஹங்கேரிய நாணயமான ஃபோரிண்ட்டா, யூரோவா என்று கேட்டால் ஃபோரிண்ட்டையே தெரிவு செய்ய வேண்டும். மற்றதில் மாற்று விகிதம் நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவதில் மட்டும் இச்சேவையின் உதவி கடை வாசலோடு முடிந்துவிடுகிறது. ஹங்கேரியின் மதிப்புக் கூட்டு வரி 27 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக அதிகம். அது வரிக்கு முந்தைய விலையின் மேல் கணக்கிடப்படுவதால், நாம் கொடுத்த தொகையில் அதன் பங்கு ஏறக்குறைய 21 சதவீதம்தான். வரியைத் திரும்பப் பெற்றுத் தரும் இடைத்தரகு நிறுவனத்தின் கழிவும் போனபின் கையில் வருவது இன்னும் குறையும். ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் வாங்குவது வரை வழிகாட்டி உடனிருந்தார். விமான நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைப்பதற்கு முன்பே பொருள்களையும் படிவத்தையும் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை பெற வேண்டும் என்பதால், பீங்கானைப் பெட்டியின் அடியில் புதைக்காமல் எளிதில் எடுக்கும்படி வைத்துக்கொண்டு, வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படுவது நம் பொறுப்பு.