துணி, சப்ளை, ரிப்பேர்: போட்ட பணம் எதில் சீக்கிரம் திரும்புகிறது?

மூன்று தொழில் செய்து பார்த்தாயிற்று. முதலில் ஆயத்த ஆடைகளை மொத்தமாக வாங்கி ஆன்லைனில் விற்றேன். அப்புறம் அலுவலகங்களுக்குக் காகிதம், பிரின்டர் மை, கோப்பு உறை என்று சப்ளை. இப்போது ஆறு வருடமாக லேப்டாப் ரிப்பேர். சிறுதொழில் தொடங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எதில் லாபம் அதிகம்?" என்பதுதான். உட்கார்ந்து கணக்குப் போட்டால் துணி அழகாகத் தெரியும். மாத வியாபாரத் தொகையைப் பார்த்தால் சப்ளைதான் பெரிது. இரண்டையும் விட்டுவிட்டு நான் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருக்கிறேன். போட்ட பணம் எத்தனை நாளில் கைக்குத் திரும்புகிறது என்ற ஒரே கணக்குதான் காரணம்.

இடம், விளம்பரம், போட்டி எல்லாம் எந்தத் தொழிலுக்கும் உண்டு. அவற்றை விட்டுவிடுகிறேன்.

துணியில் மாட்டிக்கொண்டது அளவுகளால். 10 டிசைன், டிசைனுக்கு 4 நிறம், நிறத்துக்கு 5 அளவு என்றால் 200 வகை ஆகிவிடும். வகைக்கு 3 வீதம் எடுத்தாலே 600 சட்டை. 75க்கு வாங்கி 100க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 450 சட்டை விற்றால்தான் போட்ட முதல் வரும். மீதி 150தான் லாபம். அந்த 150 எவை? நடு அளவுகள் சீக்கிரமே தீர்ந்துபோகும். மிகச் சிறியதும் மிகப் பெரியதும், யாருக்கும் பிடிக்காத அந்த மஞ்சளும்தான் மிஞ்சும். ஆக, என் லாபம் முழுக்க விற்காத சட்டைகளாக மூட்டையில் கிடந்தது.

சரி, தள்ளுபடி போட்டுத் தள்ளிவிடலாம் என்று இறங்கினேன். விற்பனை விலையில் 10 சதவீதம் குறைத்தால் 25 கிடைத்த இடத்தில் 15தான் கிடைக்கும். முன்பு 100 சட்டையில் வந்த லாபத்துக்கு இப்போது 167 விற்க வேண்டும். வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கை ஏற்றி வைத்துவிட்டு 33 சதவீத லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். விற்பனை விலையில் அது 25தான் என்பது தள்ளுபடி போட்ட பிறகுதான் உறைத்தது. போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களின் போக்குவரத்துச் செலவும் என் தலையில்தான்.

சப்ளையில் அந்தத் தொல்லை இல்லை. ஏ4 காகிதத்துக்கு ஃபேஷன் கிடையாது. மை கார்ட்ரிட்ஜில் மட்டும் காலாவதித் தேதியையும் பிரின்டர் மாடலையும் பார்த்து வாங்க வேண்டும். அங்கே பணம் முடங்கியது பில்லில். சரக்கு சராசரியாக 30 நாள் என்னிடம் இருக்கும். கொடுத்த பிறகு பணம் வர 60 நாள். எனக்கு மொத்த வியாபாரி தரும் தவணையோ 15 நாள். முப்பதையும் அறுபதையும் கூட்டிப் பதினைந்தைக் கழித்தால் 75 நாள். அத்தனை நாளும் என் கைக்காசு வெளியில்தான் நிற்கும்.

இதில் வியாபாரம் வளர்வதுதான் ஆபத்து. ஒரு பெரிய வாடிக்கையாளர் ஆர்டரை இரட்டிப்பாக்கியபோது வீட்டில் கொண்டாடினோம். அடுத்த மாதம் கொள்முதலுக்குக் கடன் வாங்கினேன். ஆர்டர் இரண்டு மடங்கானால் வெளியில் நிற்கும் பணமும் இரண்டு மடங்காகும் என்பதை யோசிக்கவே இல்லை. பேரேட்டில் லாபம், பையில் ஒன்றுமில்லை. வரியும் பல நாடுகளில் பில் போட்ட தேதியை வைத்துத்தான் வரும். உங்களுக்குப் பணம் வந்ததா என்று அது காத்திருக்காது. வசூலுக்குப் போனால் "கையெழுத்துப் போடுகிறவர் லீவு" என்பார்கள். 10 சதவீத லாபத்தில் ஓடுகிற தொழிலில் ஒரு பில் வராமலே போனால், அந்த முதலை ஈடுகட்ட அதே அளவில் 9 பில் உழைக்க வேண்டும். எனக்கு அப்படி இரண்டு பில் போயின.

ரிப்பேரில் வரிசையே தலைகீழ். லேப்டாப் வருகிறது, திறந்து பார்த்து இவ்வளவு ஆகும் என்கிறேன். அவர் சரி என்றால் உதிரிபாகத்தின் விலையை அட்வான்ஸாக வாங்கிக்கொள்கிறேன். அதன் பிறகுதான் பாகத்துக்கு ஆர்டர். மாட்டி, ஓடவைத்துக் காட்டி, மீதியை வாங்கிக்கொண்டுதான் கையில் கொடுப்பேன். சப்ளையில் 75 நாள் என் பணம் வெளியில் இருந்தது. இங்கே இரண்டு மூன்று நாள் வாடிக்கையாளர் பணம் என்னிடம் இருக்கிறது. திரை, பேட்டரி, கீபோர்டு, கீல், ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போடுவது என்று பாகம் தேவைப்படும் வேலைகளை இப்படி ஓட்டலாம். மின்விசிறியில் அடைத்த தூசியை எடுத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையை மாற்றுவது, விண்டோஸை மறுபடி ஏற்றுவது போன்றவற்றில் பாகச் செலவே அநேகமாக இல்லை.

ஆனாலும் பழைய புத்தி ஒருமுறை எட்டிப் பார்த்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 15.6 அங்குலத் திரை 10 வாங்கிப் போட்டேன். வந்தவற்றில் கேபிள் செருகும் இடம் 40 பின் இணைப்பு. என்னிடம் வந்த மெஷின்களில் பெரும்பாலானவை 30 பின். மறுபடியும் அளவு மாறிய சட்டைகள்! அதிலிருந்து திருகாணி, பேஸ்ட், கேபிள் தவிர எதையும் சேர்த்து வைப்பதில்லை.

இதிலும் முடக்கம் இல்லாமல் இல்லை, அது பணமாக இல்லை, அவ்வளவுதான். இங்கே சரக்கு என் நேரம். ஒரு நாளைக்கு மூன்று மெஷின், மிஞ்சினால் நான்கு. காய்ச்சலில் படுத்தால் அன்றைய வரவு பூஜ்யம். சரிசெய்தது 90 நாளுக்குள் அதே கோளாறோடு திரும்பினால் கூலியில்லா வேலை. சரிபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு யார் பொறுப்பு என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால் வம்பு. உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்திவிட்டால் தீப்பிடிக்கும். அதற்கு நிதானமான கை வேண்டும். மதர்போர்டில் சிப் மாற்றுவதை நான் வெளியே கொடுத்துவிடுகிறேன், அதனால் அந்தப் பக்கத்தின் லாபத்தை என்னை வைத்துக் கணக்கிட வேண்டாம். ஆள் வைத்தும் நடத்தியதில்லை. சம்பளம் என்று ஒன்று மாதாமாதம் நின்றால் என் கணக்கு மாறலாம்.

மூடும்போது என்ன மிஞ்சும் என்பதையும் பார்க்க வேண்டும். துணி மூட்டை வாங்கிய விலையில் கால்வாசிக்குத்தான் போனது. சப்ளையில் விற்க எதுவுமில்லை. நிலுவையை வசூலித்து முடிக்க எட்டு மாதம் பிடித்தது. ரிப்பேரை இன்னும் மூடவில்லை. சூடான காற்றால் பற்றாசை இளக்கும் ஹாட் ஏர் ஸ்டேஷனும் மைக்ரோஸ்கோப்பும் பழையதாகவே கைமாறுவதைப் பார்க்கிறேன், ஓரளவு தேறும் என்று ஊகம்.

கையில் தாராளமாக முதல் இருந்து, சரக்கைக் கொடுத்ததும் பணம் தரும் வாடிக்கையாளர்களும் அமைந்தால் சப்ளை மோசமில்லை. எனக்கு இரண்டுமே அமையவில்லை. துணியைத்தான் அடியோடு ஒதுக்க மனம் வரவில்லை. கடைசியாக ஒரே ஒரு சீசன், சட்டையை வாங்கி வைக்காமல் படம் காட்டி, பாதிப் பணம் முன்பதிவாக வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுத்தேன். காத்திருக்க விரும்பாமல் பாதிப்பேர் போய்விட்டார்கள். மூட்டை எதுவும் மிஞ்சவில்லை. அதற்குள் ரிப்பேர் பழகிவிட்டதால் இரண்டாவது சீசன் செய்து பார்க்கவில்லை.