தனியாக பைக்கில் கடலுக்கு: உகந்தையா, தலைமன்னாரா?

இலங்கை மலையகத்து ஹப்புத்தளையில் இருந்து தனியாக பைக்கில் கடலோரம் போகவேண்டும், ஆள் நடமாட்டம் குறைந்த கரையாக இருக்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு வழிகளைத்தான் சொல்வேன். ஒன்று கிழக்கே இறங்கி பொத்துவில், பாணமை வழியாக உகந்தை. மற்றது வடக்கே மாத்தளை, மதவாச்சி தாண்டி மன்னார், தலைமன்னார். தெற்குக் கரையைச் சேர்க்கவில்லை. மாத்தறைப் பக்கம் கடைகளும் பஸ்களும் கூடவே வந்துகொண்டிருக்கும்.

தூரத்தைப் பார்த்தால் உகந்தைதான் கிட்ட. பொத்துவிலுக்கு சுமார் 150 கி.மீ., அப்புறம் இன்னும் ஒரு 30. விடியக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு பொத்துவிலை ஒட்டிய அறுகம்பை. தலைமன்னார் 400 கி.மீ.ஐ ஒட்டி வரும். முதல் தடவை தனியாகப் போகிறவர் தம்புள்ளையில் ஒரு ராத்திரி தங்கிவிடுவது நல்லது.

ஆனால் கிட்ட இருப்பதெல்லாம் சுலபம் இல்லை. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது, வெல்லவாய 200 மீற்றர் கூட இல்லை. பெரகலையில் திரும்பி கொஸ்லந்தை வழியாக அந்த உயரம் முழுவதையும் வளைவு வளைவாக இறங்கவேண்டும். முதல் பயணத்தில் நான் பின் பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் மிதித்தால் பிடிக்கவே இல்லை, பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஓரத்தில் நிறுத்தி அரை மணி நேரம் சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அந்த இறக்கத்தில் இரண்டாவது கியரை விட்டு ஏறுவதே இல்லை. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் வளைவுக்கு மட்டும். இன்னொன்று: 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளை மண் மூடியது இந்த மலைச்சரிவில்தான். விடாமல் மழை பெய்யும் நாட்களில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மன்னார் வழியில் றம்பொடை வளைவுகளையும் கண்டி நெரிசலையும் கடந்துவிட்டால் மிச்சம் எல்லாம் நேர்ப்பாதை. அங்கே ஆபத்து தூக்கமும் வெயிலும்தான். மதவாச்சிக்குப் பிறகு மணிக்கொரு தடவை நிறுத்தி முகம் கழுவுங்கள்.

மிருகங்கள் இரண்டு பக்கமும் உண்டு. சியம்பலாண்டுவவுக்கும் பொத்துவிலுக்கும் நடுவில் பிரதான பாதையே லகுகல யானைக் காட்டுக்குள்ளால் போகிறது. பாணமையில் இருந்து உகந்தை வரைக்கும் அதே கதை. மாலை நான்கு மணிக்குப் பிறகு தனி பைக்கில் அங்கே நுழையாதீர்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, பஸ்ஸோ லொறியோ வரும்வரை காத்திருங்கள். மன்னாரில் கழுதைகள். டவுனிலேயே கூட்டமாகத் திரியும், ராத்திரியில் தார் பாதையில் நின்றுகொண்டே தூங்கும்.

கரடுமுரடான கடல்தான் வேண்டும் என்றால் உகந்தைக்கு ஈடு இல்லை. முருகன் கோயிலை ஒட்டியே பெரிய பெரிய பாறைகள், அவற்றில் வந்து மோதும் அலை, பின்னால் காடு. ஜூன், ஜூலையில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் இங்கிருந்துதான் குமணக் காட்டுக்குள் இறங்குவார்கள். அந்த நாட்களில் அன்னதானமும் ஆள் துணையும் கிடைக்கும். பைக் காட்டுக்குள் போக முடியாது, கோயிலோடு பயணம் முடிந்தது. பெற்றோலைப் பொத்துவிலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

மன்னார் கரையில் அந்தப் பாறையும் அலையும் இல்லை. மன்னாரில் இருந்து பூநகரி போகும் ஏ32 பாதையில் கடல் பக்கத்திலேயே இருந்தும் பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. பற்றைக்காடு, உப்புவெளி, கண்டல்தான். ஆனால் வெறுமையில் அதை அடிக்க இலங்கையில் வேறு பாதையை நான் பார்த்ததில்லை. பூநகரியைத் தாண்டி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நீங்கள் மட்டும்.

அங்கே காற்றை மறக்கக்கூடாது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும், மன்னார்த் தீவில் காற்றாலைகளை நட்டது சும்மா இல்லை. கடல்மேல் போகும் பாதையில் என் பைக் ஒரு முழம் தள்ளிப்போனது. அதனால் மன்னாருக்கு பெப்ரவரி, மார்ச். உகந்தைக்கு மே முதல் செப்டெம்பர். ஹற்றனில் மழை கொட்டும் அந்த மாதங்களில் கிழக்கு காய்ந்து கிடக்கும். எங்கே போனாலும் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் செயினைக் கழுவி எண்ணெய் போடுங்கள், உப்பு இரண்டே வாரத்தில் தின்றுவிடும்.

இவ்வளவும் வைத்துப் பார்த்தால் உகந்தைதான் முந்துகிறது. இருந்தாலும் மலையகத்தில் பிறந்தவர் தனியாகப் போக ஒரே ஒரு பயணம்தான் உண்டு என்றால், நான் தலைமன்னாரைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டில் இருந்து தோட்ட வேலைக்கு வந்த நம்முடைய முன்னோர் தலைமன்னாரிலும் அரிப்பு என்ற கரையோர ஊரிலும் கரையேறி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். கொலராவிலும் பசியிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். 2023இல், 200 ஆண்டு நினைவாக, மலையக மக்கள் அதே வழியில் மாத்தளை வரை நடந்து வந்தார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களும் கப்பல் ஏறியது தலைமன்னாரில்தான். என் தாத்தாவின் தம்பி குடும்பம் அதில் ஒன்று.

பழைய இறங்குதுறைப் பக்கம் நின்றபோது வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு ஐயா, "எந்த ஊர் தம்பி?" என்றார். ஹப்புத்தளை என்றேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "உங்கட ஆக்கள் இதால போகேக்க நான் சின்னப் பொடியன். அழுகைச் சத்தம் வீடு வரைக்கும் கேக்கும்" என்றார். பிறகு தேத்தண்ணி வாங்கித் தந்தார், காசு கொடுக்க விடவில்லை.

போகும்போது முன்னோர் வந்த திசைக்கு எதிராகத்தான் ஓட்டியிருந்தேன். திரும்பும்போதுதான் அது அவர்கள் நடந்த திசை. மதவாச்சியில் இருந்து மாத்தளை வரை 40க்கு மேல் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. நாலு நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள், அதில் திரும்பி வர இரண்டு நாளை முழுசாக ஒதுக்கிவிடுங்கள்.