லூயிஸின் உலகங்களா, கார்னப்பின் பட்டியலா?

1968 அமெரிக்க அதிபர் தேர்தலில் நிக்சனிடம் ஹியூபர்ட் ஹம்ப்ரி தோற்றார். ஜெயித்திருக்கலாம். இந்த 'லாம்' எதைச் சொல்கிறது? 'அவர் ஜெயித்த ஒரு சாத்திய உலகம் உண்டு' என்பது தத்துவத்தில் வழக்கமான பதில். சாத்திய உலகம் என்றால், எல்லாமே எப்படி இருந்திருக்கக்கூடும் என்பதன் ஒரு முழு வடிவம். அந்த உலகம் எப்படிப்பட்டது என்று கேட்டால்தான் கட்சி பிரிகிறது.

தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1986இல் நூலாக விரித்த கருத்துப்படி, சாத்திய உலகங்களும் கல், மண், மனிதர்களோடு நிஜமாகவே இருக்கின்றன. நம் உலகத்தோடு இடத்தாலோ காலத்தாலோ காரண காரியத்தாலோ அவற்றுக்குத் தொடர்பில்லை, அவ்வளவுதான். மறுபக்கம், இன்னொரு தத்துவவாதி ருடால்ஃப் கார்னப் 1947இல் வகுத்த 'நிலை விவரிப்பு' என்ற கருத்திலிருந்து வந்த வழி: உலகம் என்பது ஒரு வாக்கியப் பட்டியல். ஒவ்வொரு அடிப்படை வாக்கியத்துக்கும் அதையோ அதன் மறுப்பையோ எழுதினால் ஓர் உலகம் தயார். சிக்கனம் பட்டியலுக்குத்தான், அதில் வாதமே இல்லை. ஆனாலும் நான் லூயிஸ் பக்கம். பட்டியலைச் சலித்தெடுக்கும் வேலைதான் காரணம்.

இரண்டே வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம்: 'இந்தப் புள்ளி முழுக்கச் சிவப்பு', 'இந்தப் புள்ளி முழுக்கப் பச்சை'. நான்கு பட்டியல்கள் வரும். இரண்டும் உண்மை என்று சொல்லும் பட்டியலைத் தள்ளியாக வேண்டும். ஆனால் தருக்கத்தின் கண்ணுக்கு அவை வெறும் 'அ'வும் 'ஆ'வும். முரண் ஏதும் தெரியாது. 'சிவப்பானது பச்சையாகாது' என்ற விதியை நாமே சேர்க்க வேண்டும். கார்னப்பும் பிறகு 1952இல் இத்தகைய சொற்பொருள் விதிகளைச் சேர்த்தார்.

நிறத்துக்குச் சரி, தண்ணீருக்கு? தத்துவவாதி சால் கிரிப்கி 1970 விரிவுரைகளில் காட்டியபடி, தண்ணீர் எச்2ஓவாக இருந்தே ஆகவேண்டும். ஆனால் சொல்லின் பொருளை எவ்வளவு துருவினாலும் அது கிடைக்காது. ஆக, அதற்கும் தனி விதி. எந்தெந்த விதிகளைச் சேர்ப்பது? எவையெல்லாம் இருக்கவே முடியாதோ அவற்றைத் தடுக்கும் விதிகளை. விளக்க வந்த 'லாம்', விளக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு புது வகைப் பண்புக்கும் இந்தப் பராமரிப்பு தொடரும்.

லூயிஸிடம் சலிக்கும் வேலை இல்லை. முழுக்கச் சிவப்பும் முழுக்கப் பச்சையுமான புள்ளி எந்த உலகிலும் இல்லை, அதனால் அது முடியாது. 'லாம்' வெறும் 'உண்டு' ஆகிவிடுகிறது. இத்தனை உலகங்களை ஏற்க வேண்டியிருப்பது பெரிய விலைதான்; ஆனால் ஒருமுறை கொடுத்தால் போதும்.

ஹம்ப்ரி விஷயத்தில் மட்டும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். லூயிஸின் கணக்கில் அங்கே ஜெயித்தவர் நம் ஹம்ப்ரி அல்ல, அவருக்கு மிக நெருங்கிய நிகரானவர். வேறொருவர் ஜெயித்தால் ஹம்ப்ரிக்கு என்ன வந்தது என்று கிரிப்கி கேட்டார். அப்படி ஒரு நிகரானவர் இருப்பதாலேயே ஜெயித்திருக்கக்கூடியவர் நம் ஹம்ப்ரிதான் என்பது லூயிஸின் பதில். தருக்கத்தில் அது நிற்கிறது. தோற்றவரின் ஏக்கத்துக்கு அது போதுமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு.